ஆங்கில ரீடிங் காம்ப்ரஹென்ஷன்: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயிற்சி கொடுப்பது எப்படி?

"மிழகன் துப்பியை நெகட்டினான். அது சவுளாக இருந்ததால் அவன் பொட்டினான்."

இதைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். மிழகன் எதை நெகட்டினான்? துப்பியை. அவன் ஏன் பொட்டினான்? அது சவுளாக இருந்ததால். இரண்டும் சரி, முழு மதிப்பெண். துப்பி உயிருள்ளதா இல்லாததா என்பதுகூட நமக்குத் தெரியாது.

நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் பலர் அன்சீன் பேசேஜை, அதாவது முன்பு படித்திராத பத்தியை, இப்படித்தான் கடக்கிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள், அது இருக்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். 5ஆம் வகுப்பு வரை இந்த உத்தி கைகொடுக்கும். 7ஆம் வகுப்பில் "வை டு யூ திங்க்", "வாட் டஸ் திஸ் சஜஸ்ட்" என்று கேள்விகள் மாறும்போது திடீரென்று மதிப்பெண் சரிகிறது. உடனே நூறு பத்திகள் கொண்ட ஒரு பயிற்சி நூலை வாங்கிக் கொடுக்கிறோம். அது சொல் தேடும் வேகத்தைத்தான் கூட்டும், புரிதலைத் தொடாது.

கேள்விக்கு விடை எழுதுவது சோதனைதான். எந்த வரியை வைத்து அந்த விடைக்கு வந்தோம், தவறியது எந்த இடத்தில், ஏன் என்று பார்ப்பதுதான் பயிற்சி. அதற்கு வாரத்துக்கு இரண்டு பத்திகள் போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் வரை செலவிட வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். மாணவருக்குக் கொடுக்கும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

முதலில், தடை எங்கே என்று பாருங்கள்

வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கல் என்று காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினார்கள். பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே எது குறைவு என்று தெரியாமல் பயிற்சியைத் தொடங்கக்கூடாது. அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

ஒரே தரத்தில், ஏறக்குறைய 150 சொற்கள் கொண்ட இரண்டு ஆங்கிலப் பத்திகளும் அதே அளவில் ஒரு தமிழ்ப் பத்தியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். அவற்றில் இரண்டு, பத்தியில் நேரடியாக விடை இல்லாதவையாக இருக்கட்டும்.

முதல் ஆங்கிலப் பத்தியை மாணவர் சத்தமாக வாசிக்கட்டும். முதல் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முழுதும் வாசித்து முடித்ததும் கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாம் பத்தியை நீங்கள் நிதானமாக இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள். மாணவர் கையில் தாள் இருக்கக்கூடாது, கேட்டு மட்டும் விடை சொல்ல வேண்டும். தமிழ்ப் பத்தியை அவரே மௌனமாக வாசித்து விடை சொல்லட்டும். மூன்றிலும் வாய்மொழி விடை போதும், தமிழிலும் சொல்லலாம். நாம் பார்ப்பது புரிதலை, எழுத்துத் திறனை அல்ல.

கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டுவதில் இருக்கிறது. கேட்டாலும் புரியவில்லை, ஆனால் தமிழில் நான்கு கேள்விக்கும் சரியாகச் சொல்கிறார் என்றால் யோசிக்கத் தெரிந்த பிள்ளை. ஆங்கிலச் சொல்லும் வாக்கிய அமைப்பும்தான் தடை. தமிழிலேயே நேரடியல்லாத கேள்விகளில் தடுமாறினால், ஊகிக்கும் பழக்கத்தைத் தமிழில் தொடங்குவதுதான் சுருக்கு வழி. இந்த மூன்றாவது வகையை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் பல மாதப் பயிற்சி வீணாகிறது.

வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஹாஸ்ப்ரூக், டின்டல் இருவரும் 2017இல் வெளியிட்ட அமெரிக்க அட்டவணையில் 6ஆம் வகுப்பு ஆண்டு இறுதியின் நடு அளவு நிமிடத்துக்கு 146 சொற்கள். அது பெரும்பாலும் ஆங்கிலச் சூழலில் வளரும் பிள்ளைகளின் அளவு. இரண்டாம் மொழியாகப் படிப்பவரை அதற்கு விரட்ட வேண்டாம். ஆனால் 80க்குக் கீழே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிக்கிறார் என்றால், கவனம் முழுக்க எழுத்தைக் கூட்டுவதிலேயே கரைந்துவிடுகிறது. வாக்கியக் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. இவருக்குத் தினமும் பத்து நிமிடம் திரும்ப வாசிக்கும் பயிற்சி கொடுங்கள். ஏறக்குறைய 100 சொற்களை முதலில் நீங்கள் சொற்கூட்டம் பிரித்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு அதே பகுதியை அவர் மூன்று முறை வாசிக்கட்டும். ஆறு வாரம் இப்படிச் செய்துவிட்டுத்தான் கேள்விப் பயிற்சியை முழு அளவில் தொடங்க வேண்டும்.

எந்தப் பத்தி?

100 சொற்களைக் கொடுத்து, தெரியாத சொல்லின் கீழ் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கணக்கில் வராது. புள்ளி இரண்டுக்குள் இருந்தால் தனியாக வாசிக்கக் கொடுக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் உங்களோடு உட்கார்ந்து படிக்க ஏற்றது. ஐந்தைத் தாண்டினால் அந்தப் பத்தியை ஒதுக்கிவிடுங்கள். துணையில்லாமல் புரிந்துகொள்ள ஏறக்குறைய 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வும், 95 விழுக்காடாவது வேண்டும் என்று லாஃபரின் 1989ஆம் ஆண்டு ஆய்வும் கண்டன. 100க்கு பத்து சொல் தெரியாத பத்தியை வைத்துக்கொண்டு "கருத்தை ஊகி" என்று சொல்வதில் நியாயமில்லை. "8ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 5ஆம் வகுப்புப் பத்தியா" என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது பிள்ளைதான்.

நீளம், 6ஆம் வகுப்புக்கு 150 முதல் 200 சொற்கள், 8ஆம் வகுப்புக்கு 300 வரை. கதை ஒன்று, தகவல் பத்தி ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள். கதையில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் தகவல் பத்தியில் சறுக்குவது சாதாரணம். காரணம், அங்கே கதை ஓட்டம் இழுத்துச் செல்லாது, வாக்கியங்களை இணைக்கும் வேலையை வாசகரே செய்தாக வேண்டும்.

தலைப்பை வாரம் ஒன்றாக மாற்றாதீர்கள். கடல் உயிர்கள் என்று எடுத்தால் மூன்று வாரம் கடல் உயிர்களே. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவராக இருந்தும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்து ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் நினைவில் வைத்துச் சொன்னார்கள். விஷய அறிவு அவ்வளவு தூரம் கைகொடுக்கிறது. ஒரே தலைப்பில் நான்காவது பத்திக்கு வரும்போது சொற்களும் திரும்ப வருகின்றன, பின்னணியும் சேர்ந்துவிடுகிறது. பிள்ளையின் முகத்திலேயே அது தெரியும்.

பத்திகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆங்கில வழியில் படிப்பவருக்கு அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்களே நல்ல சுரங்கம். எளிய ஆங்கில விக்கிப்பீடியாவில் பல தலைப்புகளில் குறுங்கட்டுரைகள் இருக்கின்றன. கேள்விகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும். அது எப்படி என்று பின்னால் வருகிறது.

ஒரு பத்திக்கு இரண்டு அமர்வுகள்

ஒவ்வொரு அமர்வும் 25 முதல் 30 நிமிடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் நல்லது. வரிகளுக்கு இடப்பக்கம் 1, 2, 3 என்று எண் போட்டுவிடுங்கள். இந்த எண்கள் இல்லாமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

முதல் அமர்வில் மூன்று நிமிடம் தலைப்பையும் முதல் வாக்கியத்தையும் மட்டும் பார்த்து, இதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். பத்தியை வைத்துக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லாத இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் முன்கூட்டியே பொருள் சொல்லுங்கள். கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அதிகம் செய்யும் தவறு இதுதான். பத்தியை நாமே விளக்கிவிட்டால் பிள்ளை நம் விளக்கத்தை வைத்து விடை எழுதும். பத்தியை வாசிக்க வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்து மௌன வாசிப்பு, நிறுத்தாமல், கடைசி வரை. தெரியாத சொல் வந்தால் புள்ளி வைத்துவிட்டுத் தாண்டிப் போக வேண்டும், அகராதி கூடாது. முடித்ததும் ஒரே கேள்வி: இது யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றி? ஒரு வாக்கியத்தில் சொல்லட்டும்.

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் நின்று, ஓரத்தில் ஐந்து சொல்லுக்குள் ஒரு குறிப்பு எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி. குறிப்பு எழுத வரவில்லை என்றால் அந்தப் பிரிவு புரியவில்லை. புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஓரக்குறிப்பு உண்மையைச் சொல்லிவிடும்.

பிறகு புள்ளி வைத்த சொற்களுக்கு வாருங்கள். முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தை வைத்து ஊகம். அந்த ஊகத்தைச் சொல்லின் இடத்தில் பொருத்தி வாக்கியம் பொருந்துகிறதா என்று பார்த்தல். அதன் பிறகுதான் அகராதி. நோட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு பத்திக்கு நான்கு சொல் போதும், பதினைந்து சொல் எழுதினால் ஒன்றும் தங்காது.

இரண்டாம் அமர்வு, கடினமான வாக்கியங்களுக்கும் கேள்விகளுக்கும்.

வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது

தமிழ் பேசும் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் பெரும்பாலும் சொல்லில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கின்றன. இவை எண்ணிச் சொல்லக்கூடிய சில இடங்கள்தான் என்பதால், பயிற்சியில் சீக்கிரம் பலன் தெரிவதும் இங்கேதான்.

"தி டாக் தட் சேஸ்ட் தி கேட் ரேன் அவே." ஓடியது எது? பூனை என்று சொல்வார்கள், "தி கேட் ரேன் அவே" பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால். தமிழில் "பூனையைத் துரத்திய நாய் ஓடிவிட்டது" என்று நாயும் ஓட்டமும் ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் நடுவே விளக்கம் புகுந்துவிடுகிறது. தீர்வு எளியது: ஹூ, விச், தட் ஆகியவற்றில் தொடங்கும் துண்டைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அதை விட்டுவிட்டு வாசியுங்கள். "தி டாக் ரேன் அவே." பிறகு துண்டைத் திரும்பச் சேருங்கள்.

"தி டீச்சர் வாஸ் ஆஸ்க்ட் பை தி ஸ்டூடண்ட்ஸ் டு ரிபீட் தி கொஸ்டின்." கேட்டவர் ஆசிரியர் என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ்ப் பேச்சில் செயப்பாட்டு வினை அரிது என்பதால் முதலில் வரும் ஆளையே செய்தவராக மனம் பிடித்துக்கொள்கிறது. "பை" என்பதை வட்டமிட்டு, அதற்குப் பின் வருபவர்தான் செய்தவர் என்று அம்புக்குறி போடப் பழக்குங்கள். "பை" இல்லாத இடத்தில், செய்தவர் யார் என்று பத்தி சொல்லவில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பல கேள்விகள் அதில்தான் நிற்கின்றன.

மறைந்திருக்கும் எதிர்மறை இன்னொன்று. "ஹி வாஸ் டூ டயர்ட் டு ஈட்" என்பதில் "நாட்" இல்லை, ஆனாலும் அவன் சாப்பிடவில்லை. ஹார்ட்லி, ஃபியூ, ஃபெயில்ட் டு, இன்ஸ்டெட் ஆஃப், வித்தவுட், அன்லெஸ் எல்லாமே இந்த வகை. இவற்றைப் பார்த்தவுடன் ஓரத்தில் ஒரு கழித்தல் குறி போடும் பழக்கம் வந்துவிட்டால் சரியா தவறா கேள்விகளில் பாதி விபத்து குறையும்.

"வென் வீ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்." முதலில் நடந்தது எது? வரிசைப்படுத்தும் கேள்விகளில் வாக்கியத்தில் முன்னால் வருவதை முன்னால் நடந்ததாக எழுதுகிறார்கள். "ஹேட்" உள்ள செயலின் மேல் 1, மற்றதன் மேல் 2 என்று எண் போடச் சொன்னால் போதும்.

கடைசியாகச் சுட்டுப்பெயர்கள். "தே" என்றால் மனிதர்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் பொருளுக்கும் விலங்குக்கும் அதே "தே"தான். "இட்" ஒரு சொல்லைக் குறிக்கலாம். "திஸ்", "தட்" முந்தைய வாக்கியம் முழுவதையும் குறிக்கலாம். ஒரு சின்னப் பத்தியில் பார்ப்போம்.

வரி 1: ஆன் ஆக்டோபஸ் ஹேஸ் த்ரீ ஹார்ட்ஸ்.
வரி 2: டூ ஆஃப் தெம் புஷ் பிளட் த்ரூ தி கில்ஸ், தி தேர்ட் செண்ட்ஸ் இட் டு தி ரெஸ்ட் ஆஃப் தி பாடி.
வரி 3: வென் தி அனிமல் ஸ்விம்ஸ், திஸ் தேர்ட் ஹார்ட் ஸ்டாப்ஸ் பீட்டிங்.
வரி 4: தட் இஸ் ஒன் ரீசன் ஆக்டோபஸஸ், ஆல்தோ தே ஆர் குட் ஸ்விம்மர்ஸ், யூஷுவலி ப்ரிஃபர் டு க்ரால்.

வரி 2இல் "தெம்" இதயங்கள், "இட்" இரத்தம். "இட்" ஆக்டோபஸ் என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தச் சொல்லை இடத்தில் வைத்து வாசிக்கச் சொன்னால் அவரே திருத்திக்கொள்வார். வரி 4இல் "தட்" எதைக் குறிக்கிறது? மூன்றாவது இதயத்தை அல்ல. நீந்தும்போது அது நின்றுபோவதை, அதாவது வரி 3 முழுவதையும். இந்த ஒரு அம்புக்குறியைச் சரியாகப் போட்டவருக்குப் பத்தி புரிந்துவிட்டது.

கேள்விகள்: விடைக்கு முன் வரி எண்

கேள்விக்கும் விடைக்கும் உள்ள உறவை வைத்துக் கேள்விகளை நான்காகப் பிரிக்கும் முறையை டாஃபி ரஃபேல் என்ற கல்வி ஆய்வாளர் 1980களில் உருவாக்கினார். நடுநிலை வகுப்புக்கு இதைவிட எளிய கருவி இல்லை. நம் ஆக்டோபஸ் பத்தியையே எடுத்துக்கொள்வோம்.

எத்தனை இதயங்கள்? வரி 1. விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஏன் பெரும்பாலும் ஊர்ந்து போகிறது? வரி 4 மட்டும் போதாது. "தட்" வழியாக வரி 3க்குப் போக வேண்டும். இது இரண்டு இடத்திலிருந்து சேர்த்தெடுப்பது. நீந்தினால் சீக்கிரம் களைக்குமா, ஊர்ந்தால் சீக்கிரம் களைக்குமா? பத்தியில் களைப்பு என்ற பேச்சே இல்லை. வரி 2, 3 இரண்டையும் எடுத்து, உடலுக்கு இரத்தம் போகாவிட்டால் சோர்வு வரும் என்ற நம் அறிவையும் சேர்த்தால் விடை கிடைக்கிறது. இதுதான் ஊகக் கேள்வி. நான்காவது வகை, "உனக்குத் தெரிந்த வேறு விலங்கு எது" என்பது போலப் பத்தியே இல்லாமல் விடை சொல்லக்கூடியது. பேச்சைத் தொடங்க நல்லது, அதற்கு மேல் நேரம் வேண்டாம்.

நீங்கள் கேள்வி எழுதும்போது முதல் வகையில் இரண்டு, இரண்டாம் வகையில் மூன்று, மூன்றாம் வகையில் இரண்டு, சொற்பொருள் ஒன்று என்று எட்டுக் கேள்விகள் வையுங்கள். முதல் வகைக் கேள்விகளில் பத்தியின் சொல்லையே பயன்படுத்தாமல் வேறு சொல்லைப் போடுங்கள். தேடி எடுக்கும் குறுக்கு வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

விதி ஒன்றுதான். விடையை எழுதும் முன் வரி எண்ணை எழுத வேண்டும். ஊகக் கேள்விக்கு வரி எண்ணோடு "எனக்குத் தெரிந்தது" என்று ஒரு துண்டும் எழுத வேண்டும். விடை தவறானாலும் வரி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கொடுங்கள். விடை சரி, வரி தவறு என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம், அதற்கும் பாதிதான். இப்படி மதிப்பிடத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் பத்திக்குத் திரும்பிப் போவார்கள்.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தெரிவுகளைக் கையால் மூடிக்கொண்டு, முதலில் விடையைத் தன் சொல்லில் சொல்லட்டும். பிறகு கையை எடுத்து, சொன்னதற்கு நெருங்கியதைத் தேடட்டும். தவறான தெரிவுகள் எப்படித் தயாராகின்றன என்று காட்டிக்கொடுப்பதும் பெரிய உதவி. "ஏன் பெரும்பாலும் ஊர்ந்து போகிறது" என்பதற்கு "நன்றாக நீந்தத் தெரியாது" என்பது பத்தி சொன்னதைத் தலைகீழாக்கியது; "ஆல்தோ" வைத் தாண்டிப் போனவர் இதில் விழுவார். "அதற்கு மூன்று இதயங்கள்" என்பது உண்மை, ஆனால் கேட்ட கேள்விக்கு விடையல்ல. "எதிரிகளிடமிருந்து ஒளிய" என்பது உலகத்தில் நடக்கலாம், பத்தியில் இல்லை. "இதயம் நிற்பது ஒன்றே காரணம்" என்பது மிகை, ஏனென்றால் வரி 4 "ஒன் ரீசன்" என்கிறது. ஆல், ஒன்லி, நெவர், ஆல்வேஸ் இருக்கும் தெரிவை இரண்டு முறை பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து மாணவரையே ஒரு கேள்விக்கு மூன்று தவறான தெரிவுகள் எழுதச் சொல்லுங்கள். நன்றாக ஏமாற்றும் தெரிவை எழுத முடிகிறவர் இனி எளிதில் ஏமாற மாட்டார்.

மையக்கருத்துக் கேள்விக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாணவர்கள் ஒரு சொல் தலைப்பைச் சொல்லிவிடுகிறார்கள், அல்லது முதல் வாக்கியத்தை எடுத்து எழுதுகிறார்கள். "ஆக்டோபஸ்" என்பது மிக அகலம், "அதற்கு மூன்று இதயம்" என்பது மிகக் குறுகல். எதைப் பற்றி, அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று இரண்டு பாதியாகக் கேளுங்கள்: ஆக்டோபஸின் இதய அமைப்பு, அது நகரும் விதத்தைப் பாதிக்கிறது. ஓரக்குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் இது தானாக வரும்.

விடையை எழுதுவது

புரிந்தும் மதிப்பெண் இழப்பது இங்கேதான். பத்தி வாக்கியத்தை எடுக்கும்போது "தே", "திஸ்" போன்ற சுட்டுப்பெயரை விட்டுவிட்டு உரிய பெயரைப் போட வேண்டும். "வை" என்று கேட்டால் "பிகாஸ்" இல்லாத விடை பெரும்பாலும் விடையே அல்ல. "ஹவ்" என்பதற்கு விதத்தைச் சொல்ல வேண்டும், காரணத்தை அல்ல. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு செய்திகள். சொற்பொருள் கேள்வியில் அதே இலக்கண வடிவத்தில் விடை வேண்டும்: கேட்டது இறந்தகால வினை என்றால் தருவதும் இறந்தகால வினை.

சுருக்கி எழுதுவதற்கு ஒரு முறை. பத்தியை மூடிவிட்டு முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும். பிறகு ஓரக்குறிப்பை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் மூன்று நான்கு வாக்கியம் எழுதட்டும். அதன் பிறகுதான் பத்தியைத் திறந்து விட்டுப்போனதைப் பார்க்க வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் சுருக்கம் வராது, வாக்கியப் பொறுக்கல்தான் வரும்.

தவறு நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. சொல் தெரியவில்லை என்றால் சொ. வாக்கிய அமைப்பு புரியவில்லை என்றால் வா. சுட்டுப்பெயரைத் தவறாக எடுத்தால் சு. கேள்வியைத் தவறாகப் படித்தால் கே. பத்தியில் இல்லாததைச் சேர்த்தால், அல்லது சேர்க்க வேண்டியதைச் சேர்க்காவிட்டால் ஊ. எந்த எழுத்து என்று மாணவரே தீர்மானிக்க வேண்டும். சரியான விடையைச் சொல்வதற்கு முன், பத்தியை மறுபடி பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

நான்கு பத்தி முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஒரு எழுத்து தனியாகத் தலைதூக்கி நிற்கும். சொ அதிகம் என்றால் பத்தியின் தரத்தைக் குறையுங்கள், ஒரே தலைப்பில் இன்னும் சில வாரம் இருங்கள். வா என்றால் தினமும் மூன்று வாக்கியம் பிரிக்கும் பயிற்சி, பத்தி வேண்டாம், வாக்கியம் போதும். சு என்றால் கேள்வியே இல்லாமல் பத்தி முழுதும் அம்புக்குறி மட்டும். கே என்றால் கேள்விச் சொல்லை வட்டமிட்டு, கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொன்ன பிறகே பேனாவை எடுக்க வேண்டும். இது இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் வகை. ஊ தான் மெதுவாகத் தீரும். அதில் பெரும்பாலோர் சொந்த அறிவை அதிகம் சேர்ப்பவர்கள், குறிப்பாகத் தலைப்பு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள். "எந்த வரி?" என்ற கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

வகுப்பில் குழுவாக

நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறார், ஒருவர் கேள்வி கேட்கிறார், ஒருவர் புரியாத சொல்லையோ வாக்கியத்தையோ தெளிவாக்குகிறார், ஒருவர் சுருக்கிச் சொல்கிறார். பிரிவுக்குப் பிரிவு வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பாலின்சார், பிரவுன் இருவரும் 1984இல் 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்துப் பலன் கண்ட முறை இது. கெட்டுப்போவது எங்கே என்றால், தெளிவாக்கும் வேலையில். "எல்லாம் புரிந்தது" என்று கடந்துவிடுவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது ஒரு இடத்தையாவது கடினமானது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் வாரம் நான்கு வேலையையும் ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும். பேச்சு தமிழில் நடந்தால் தடுக்காதீர்கள், கேள்வியும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

நேரம் வைத்துப் பயிற்சி எப்போது?

குறைந்தது ஆறு வாரம் கழித்து. அதற்கு முன் கடிகாரத்தை வைத்தால் பழைய தேடல் பழக்கம் உடனே திரும்பிவிடும். தொடங்கும்போது 200 முதல் 250 சொல் பத்தி, எட்டுக் கேள்வி, 20 நிமிடம். அதில் ஐந்து நிமிடம் இரண்டு முறை வாசிக்க, பன்னிரண்டு நிமிடம் எழுத, மூன்று நிமிடம் சரிபார்க்க. கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா என்ற வாதம் எப்போதும் உண்டு. பத்தியை ஒழுங்காக வாசிக்கப் பழகிவிட்டவர் கேள்விகளை அரை நிமிடம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வாசிக்கலாம். இன்னும் பழகாதவர் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கேள்வியைப் பார்த்துவிட்டால் அவர் வாசிக்க மாட்டார், தேடத்தான் செய்வார்.

முன்னேற்றத்தை மதிப்பெண் கூடுவதை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், பத்தியின் எளிமையும் அதில் கலந்திருக்கும். எட்டாவது வாரத்தில் முதல் நாள் கொடுத்த அதே தரத்தில் புதிய பத்தி ஒன்று கொடுத்து மூன்றைப் பாருங்கள்: வரி எண் சரியாக இருந்த விடைகள் எத்தனை, ஊகக் கேள்விகளில் எத்தனை சரி, தவறு நோட்டில் தலைதூக்கிய எழுத்து மாறியிருக்கிறதா. எழுத்து மாறியிருப்பதே நல்ல அறிகுறி; பழைய தடை விலகி அடுத்தது தெரியத் தொடங்கியிருக்கிறது.

எட்டு வாரத்தில் எதுவும் அசையவில்லை, தமிழ் வாசிப்பும் வயதுக்கு ஏற்ற வேகத்தில் இல்லை, வரியைத் தவறவிடுகிறார், பார்த்து எழுதும்போதும் எழுத்துகள் விடுபடுகின்றன என்றால், இன்னொரு பயிற்சி நூல் வேண்டாம். முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. இரண்டும் சரி என்றால் கற்றல் குறைபாட்டைச் சோதிக்கத் தெரிந்த சிறப்புக் கல்வியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது தவறு நோட்டையும் நிமிடச் சொற்கணக்கையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்த விவரங்களைத்தான்.